உங்கட கேள்வி, எங்கட பதில்: அலை ஓடின கத்தி

இந்த மாதம் வந்த கேள்வியளில கனக்க டமாஸ்கஸ் கத்தியப் பத்தித்தான், அதுதான் அந்த அலகு முழுக்க தண்ணி அலை மாதிரி கோடு ஓடுற உருக்குக் கத்தி. ஃபேஸ்புக்கில விளம்பரம் பிச்சுக்கொண்டு ஓடுது போல. சரி, மற்றதுகளை அடுத்த இதழுக்குத் தள்ளிப்போட்டு இந்தமுறை இதை மட்டும் எடுப்பம்.

வெள்ளவத்தை வாசகர்: ஐயா, ஒன்லைன்ல ஒரு செஃப் கத்தி பாத்தன், அலை அலையா நல்ல வடிவு, 67 லேயர் எண்டு போட்டிருக்கு. விலை நம்பேலாத அளவுக்குக் குறைவு. உண்மையான சாமானோ? லேயர் கூடினா கூரும் கூடுமோ?

பதில்: ரெண்டாவது கேள்விக்கு முதல்ல சொல்லிப்போடுறன், கூடாது. 67 எண்டா நடுவில ஒரு உருக்கு, ரெண்டு பக்கமும் 33, 33. மரக்கறி வெட்டுறது அந்த நடுவில இருக்கிற ஒண்டுதான், மற்ற 66உம் உடுப்பு. ஜப்பான் பாணிக் கத்தியளில நடுவில கூடுதலா வாறது விஜி-10 எண்ட உருக்கு, ஜப்பான்ல ஃபுக்குயி பக்கத்து டகேஃபு கம்பனி செய்யிறது, கார்பன் 1 வீதம் அளவு, குரோமியம் 15 வீதம் அளவு, கொஞ்சம் கோபால்ட்டும் இருக்கு. அதே விஜி-10ல, அதே மாதிரி தோய்ச்சல் போட்டு, அதாவது சூடாக்கி சட்டெண்டு ஆறவைச்சுக் கடினமாக்கி, கோடே இல்லாத ஒரு கத்தி செய்தாலும் அது இதைப் போலவே வெட்டும். அப்ப கூடக் குடுக்கிற காசு வடிவுக்குத்தான். வடிவுக்குக் காசு குடுக்கிறதில ஒரு பிழையும் இல்லை, ஆனா கூருக்கு எண்டு நினைச்சுக் குடுத்தா அது ஏமாத்து.

இனி உண்மையோ பொய்யோ எண்டது. மலிவு விலையில வாறதில ஒரு பகுதி சாதாரண ஸ்டெயின்லெஸ் அலகில லேசராலயோ அசிட்டாலயோ கோலத்தைப் பதிச்சது. படத்தில பாத்து பிடிக்கிறது கஷ்டம், கையில எடுத்தா சுகம். முதல்ல கத்தியின்ட முதுகைப் பாருங்கோ, சனம் பாக்கவே பாக்காத இடம் அதுதான். லேயர் உள்ள கத்தியெண்டா முதுகில மெல்லிய கோடுகள் நீளத்துக்கு ஓடவேணும், நடு உருக்கு தனிக் கோடாத் தெரியவேணும். முதுகு வெறுமையா மினுங்கினா வச்சிட்டு வாங்கோ. அடுத்தது வெட்டுற ஓரம். அங்க நடு உருக்கு வெளிய வாறதால கோடில்லாத ஒரு பட்டை இருக்கும், அந்தப் பட்டையின்ட மேல் விளிம்பு ஒழுங்கில்லாமல் நெளிஞ்சு நெளிஞ்சு போகும். ஸ்கேல் வச்சுக் கீறின மாதிரி நேரா இருந்தா சந்தேகம்தான். கடையில ஒரே மாதிரி ரெண்டு கத்தி இருந்தா பக்கத்தில பக்கத்தில வச்சும் பாருங்கோ, ரெண்டிலயும் கோலம் அச்சொட்டா ஒண்டெண்டா அது அச்சேதான்.

இன்னொரு வகையும் வருது, அது பொய்யில்லை, லேயர் மெய்யாவே இருக்கும், ஆனா என்ன உருக்கு எண்டு விக்கிற ஆளுக்கே தெரியாது, தோய்ச்சலும் ஒழுங்கா இராது. அதுக்கு ஒரு சின்னச் சோதனை, ஓல்ட் மூர் ஸ்ட்ரீட்டில ஒரு சின்ன அரம் வாங்கி வெட்டுற ஓரத்தில மெல்ல ஒருக்கா இழுத்துப் பாருங்கோ. நல்லாத் தோய்ஞ்ச உருக்கெண்டா அரம் வழுக்கிக்கொண்டு போகும், பச்சை இரும்பெண்டா அரம் கடிச்சு இரும்புத்தூள் கொட்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

கொட்டாஞ்சேனை வாசகி: அந்தக் கோடு எப்படிண்ணே வருது? பெயின்ட்டா, மெஷின்ல அடிக்கிறாங்களா? மகன் யூடியூப்ல பாத்துட்டு ரெண்டு இரும்ப சேத்து அடிக்கிறாங்கன்னு சொல்றான், எனக்கு வெளங்கல.

பதில்: மகன் சொல்லுறது சரி தங்கச்சி. ரெண்டு விதமான உருக்குத் தகடு எடுப்பினம். கூடுதலாப் பாவிக்கிறது 1095 எண்ட கார்பன் உருக்கும் 15என்20 எண்ட இன்னொண்டும். முதலாவதில கார்பன் கிட்டத்தட்ட 1 வீதம், ரெண்டாவதில நிக்கல் 2 வீதம் அளவு, மர ஆலையில பாண்ட்சோ அலகுக்குப் பாவிக்கிற வகை. இந்த நிக்கலை மறந்திடாதேங்கோ, கடைசியில வேலை அதுக்குத்தான்.

தகடுகளை கிரைண்டரால நல்லா மினுக்கி, அது ஒண்டு இது ஒண்டா மாறி மாறி அடுக்கி, ஓரத்தில வெல்டிங் பொட்டு வச்சு, பிடிக்கிறதுக்கு ஒரு கம்பியும் ஒட்டி உலைக்குள்ள விடுவினம். கொஞ்சம் சிவந்த உடன வெளிய இழுத்து வெண்காரம் தூவுறது, செட்டியார் தெருவில பத்தர்மார் பொன் பத்தவைக்கப் பாவிக்கிற அதே வெண்காரம்தான். அது உருகி கண்ணாடிக் குழம்பாகி இடுக்கில ஓடி, அங்க இருக்கிற பொருக்கைக் கரைச்சு, புதுசா காத்துப் படாமலும் மூடிவிடும். பிறகு திரும்ப உலை. சிவப்புத் தாண்டி, செம்மஞ்சள் தாண்டி, நல்ல மஞ்சள் வரும்வரைக்கும், 1200 பாகை செல்சியஸ் அளவு. வேலையே இந்த இடத்திலதான் இருக்கு. சூடு குறைஞ்சா ஒட்டாது, கூடினா கார்பன் உருக்கு எரிஞ்சு மத்தாப்பூப் பொறி பறக்கும், அந்தக் கட்டை அதோட சரி. அனுபவமுள்ள ஆள் நிறத்தை மட்டும் பாக்கிறேல்லை, மேல வெண்காரம் குமிழி விட்டுக் கொதிக்குதோ, அடுக்குக்கு நடுவில எங்கயாவது கருப்புக் கோடு தெரியுதோ எண்டும் பாப்பார், ஏனெண்டா ஒட்டாத இடம் இருண்டுதான் தெரியும். முதல் அடி ஓங்கி அடிக்கேலாது, தட்டுறது மட்டும்தான், ஓங்கினா அடுக்கு வழுக்கிப் பிரிஞ்சுபோகும். காதும் வேலை செய்யும். ஒட்டாத அடுக்கில சம்மட்டி விழேக்க சத்தம் சளசளக்கும், ஒட்டினாப் பிறகு ஒரே கட்டி இரும்பின்ட சத்தம்.

ஒட்டின கட்டையை அடிச்சு நீட்டி, ரெண்டா வெட்டி, ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சு திரும்ப ஒட்டுறது. 8 தகட்டில தொடங்கினா 16, 32, 64, 128, 256 எண்டு அஞ்சு தரத்தில வந்திடும், ஆயிரம் லேயர் எண்டு விளம்பரம் போட இன்னும் ரெண்டே ரெண்டு தரம் மடிச்சாப் போதும், அதில பெரிய வீரம் இல்லை. அளவுக்கு மிஞ்சினா கோடு மெலிஞ்சு மெலிஞ்சு கண்ணுக்கே பிடிபடாது, சும்மா சாம்பல் நிறமா இருக்கும்.

கோலம் வாறது அதுக்குப் பிறகு. லேயர் தட்டையா அடுக்கிக் கிடக்கேக்க மேலால பாத்தா ஒண்டும் தெரியாது. ப்ளைவுட் துண்டொண்டில ஒரு இடத்தை மட்டும் சாண்ட்பேப்பரால குழியாத் தேச்சா உள்ளுக்குள்ள இருக்கிற தட்டுகள் வளையம் வளையமா வெளிய வரும் தெரியுமோ, அதே கதைதான் இது. கட்டையில ட்ரில்லால சின்னச் சின்னக் குழி போட்டு, பிறகு சூடாக்கி தட்டையா அடிச்சா மழைத்துளிக் கோலம். குறுக்கால காடி வெட்டி அடிச்சா ஏணிப்படி. கட்டையை சூட்டோட முறுக்கி, முறுக்கினதை தட்டையாக்கி அரைச்சா நட்சத்திரம் நட்சத்திரமா வரும். கொல்லன் எவ்வளவு ஆழத்துக்கு அரைக்கிறார் எண்டதில கோலம் மாறும், அதால கையால செய்த ரெண்டு கத்தி ஒருநாளும் ஒண்டா இராது. எனக்கு இதில பிடிச்ச விசயம் இதுதான், வெட்டுற கதையெல்லாம் பிறகு.

பிறகு கத்தி வடிவுக்கு அரைச்சு, 800 பாகை அளவில சூடாக்கி எண்ணெய்க்குள்ள தோய்ச்சு, நொறுங்காமல் இருக்க 200 பாகை அளவில ரெண்டு தரம் வாட்டி எடுக்கேக்கயும் அலகு சும்மா வெள்ளை இரும்பாத்தான் இருக்கும், ஒரு கோடும் இல்லை. அதை ஃபெரிக் குளோரைட் தண்ணிக்குள்ள விடவேணும், எலக்ட்ரோனிக்ஸ் படிக்கிற பிள்ளையள் சர்க்கிட் போர்ட் அரிக்கப் பாவிக்கிறது. 1095 அரிச்சுக் கறுக்கும், நிக்கல் உள்ளது தாக்குப்பிடிச்சு வெள்ளியா நிக்கும். கொஞ்ச நிமிசத்தில வெறும் இரும்பில ஆறு ஓடத் தொடங்கும். நல்லா அரிச்சதெண்டா நகத்தால தடவினாலே மேடும் பள்ளமும் பிடிபடும். கறுப்பு இன்னும் கூடவேணும் எண்டா சிலபேர் தடிப்பா இன்ஸ்டன்ட் கோப்பி போட்டு ஆறவிட்டு அதுக்குள்ள மணிக்கணக்கா ஊறப்போடுவினம், பகிடி இல்லை, மெய்யாத்தான்.

ஒண்டு சொல்ல விட்டுப்போச்சு. கடும் உருக்கும் மெது உருக்கும் மாறி மாறி இருக்கிறதால ஓரத்தில நுண்ணிய வாள்ப்பல் மாதிரி நிண்டு வெட்டும் எண்டு விக்கிற ஆக்கள் சொல்லுவினம், அது சரியில்லை. அந்த மஞ்சள் சூட்டில கார்பன் ஒரு லேயரில இருந்து மற்ற லேயருக்குக் கெதியாப் பரவிடும், மடிச்சு முடியிற நேரம் ரெண்டிலயும் கார்பன் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். நிக்கல்தான் அசையாமல் நிக்கும், அதாலதான் கோலம் அழியாமல் மிஞ்சுது.

தெமட்டகொடை வாசகர்: நானா, டமஸ்கஸ் வாளுக்கு உருக்குப் போனது எங்கட நாட்டில இருந்துதான்னு ஒருத்தர் வட்ஸ்அப்ல போட்டிருக்கார். அந்த வாளால காத்தில விழுற பட்டுத்துணிய வெட்டலாமாம், உருக்குக்குள்ள நனோ டியூப் ஈக்காம். இதெல்லாம் மெய்யா?

பதில்: பாதி மெய், பாதி கதை. முதல்ல ஒண்டைப் பிரிச்சுச் சொல்லவேணும். மேல சொன்ன அடுக்கி ஒட்டுற வேலை வேற, பழைய டமாஸ்கஸ் வாள் வேற. பழைய வாளில லேயரே இல்லை. அது மூசையில, அதாவது உலோகம் உருக்கிற மண் பாத்திரத்தில, உருக்கின ஒரே கட்டி, இப்ப வூட்ஸ் எண்டு சொல்லுறது. மண் மூசைக்குள்ள இரும்புத் துண்டும் ஆவாரை மரச் சீவலும் போட்டு, எருக்கிலையால மூடி, மண்ணால அடைச்சு உலையில வைக்கிற முறையை தென்னிந்தியாவில பாத்த வெள்ளைக்காரர் 1800களின்ட தொடக்கத்தில எழுதி வச்சிருக்கினம். ஆவாரை எண்டா வேற ஒண்டும் இல்லை, நாங்கள் ரணவரா எண்டு தேத்தண்ணி போட்டுக் குடிக்கிற அதே செடி. அந்த மரம்தான் கார்பன் குடுக்கிறது. மெல்ல ஆறவிட்டா 1.5 வீதம் அளவு கார்பன் உள்ள ஒரு சின்னக் கட்டி கிடைக்கும். தமிழ்நாட்டில ஈரோட்டுப் பக்கம் கொடுமணல்ல அகழ்வு செய்தும் பழைய உருக்கு வேலையின்ட தடயம் எடுத்திருக்கினம்.

எங்கட நாட்டுக்கு வருவம். 9ஆம் நூற்றாண்டில பக்தாத்தில இருந்த அல்-கிந்தி வாளுகளைப் பத்தி எழுதினதில ஸரன்தீப் உருக்கின்ட பேர் இருக்கு, ஸரன்தீப் எண்டா இலங்கைதான், அதால வட்ஸ்அப் நானா சொன்னதில அந்தப் பகுதி மெய்தான், இந்தியாவோட சேத்து எங்கட பங்கும் இருக்கு. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ மலைச்சரிவில மேற்குப் பக்கம் பாத்த உலைகளை ஜில் ஜுலெஃப் எண்ட தொல்லியல் ஆய்வாளர் தோண்டியெடுத்தவ. துருத்தியே இல்லை, தென்மேல் பருவக்காத்துத்தான் துருத்தி. 1994ல அதே மாதிரி உலை கட்டி, அதே காத்தில இரும்பு உருக்கிக் காட்டினவ, நல்ல கார்பன் உள்ள உருக்கே கிடைச்சுது. 1996ல நேச்சர் சஞ்சிகையில வந்தது. அந்த உலைகள் 7ஆம் நூற்றாண்டில இருந்து 11ஆம் நூற்றாண்டு வரைக்கும் எரிஞ்சது. அதுவும் மூசை உருக்கும் ஒண்டில்லை எண்டதையும் சொல்லவேணும், வட்ஸ்அப்பில ரெண்டையும் சேத்துக் குழைச்சிருப்பினம். இங்கயும் மூசை உருக்கு செய்ததுதான், கொழும்பில பிறந்த எங்கட ஆனந்த குமாரசுவாமி, கலை எழுதுறதுக்கு முதல் ஆள் கனிமவள ஆய்வுப் பகுதிக்குப் பொறுப்பா இருந்தவர், கடைசியா அந்தத் தொழில் தெரிஞ்ச ஆக்களைத் தேடிப் பிடிச்சு செய்யச்சொல்லிப் பாத்துக் குறிச்சு வச்சிருக்கிறார். அவர் எழுதி வைக்காட்டி அதுவும் போயிருக்கும்.

கோலம் எப்பிடி வந்தது எண்டதுக்கு மைக்கேல் ஃபரடேயே மண்டையை உடைச்சவர், 1819ல இருந்து கொஞ்ச வருசம், கொல்லன்ட மகன்தானே அவர். விடை வர 1990கள் ஆச்சு. அமெரிக்காவில வெர்ஹோவன் எண்ட பேராசிரியரும் பென்ட்ரே எண்ட கொல்லரும் சேந்து செய்து பாத்து, இரும்போட ஒட்டிக்கொண்டு வந்த மிகச் சொற்ப வனேடியம் எண்ட உலோகம்தான் காரணம் எண்டு காட்டிச்சினம். கட்டி ஆறேக்க அந்த வனேடியம் வரிசையா ஒதுங்கும், பிறகு சூடாக்கி அடிச்சு, சூடாக்கி அடிச்சு வரேக்க இரும்பும் கார்பனும் சேந்த கடினமான கார்பைட் மணியள் அந்த வரிசையிலேயே போய்ச் சேரும், அதுதான் வெள்ளைக் கோடு. சூடு கூடிப்போனா மணியெல்லாம் கரைஞ்சு கோலம் போயிடும், அதால மற்ற முறைக்கு நேர் எதிரா இதைக் குறைஞ்ச சூட்டிலதான் அடிக்கவேணும். வேற சுரங்கத்து இரும்பு வந்தா, கொல்லன் அதே ஆள், அதே கை, ஆனா கோலம் வராது. தொழில் அழிஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம் எண்டு அவையள் சொல்லுகினம், எனக்கும் அது நம்பக்கூடியதாத்தான் இருக்கு.

நனோ டியூப், அதாவது கண்ணுக்கே தெரியாத கார்பன் குழாய், 2006ல ஜெர்மனியில டிரெஸ்டன் ஆக்கள் 17ஆம் நூற்றாண்டு வாளொண்டில கண்டதாச் சொன்னது. அதால வாள் நல்லா வெட்டும் எண்டு அதில நிரூபணம் ஒண்டும் இல்லை. பட்டுத்துணி கதை 1825ல வந்த ஒரு இங்கிலீஷ் நாவல்ல இருந்து பரவினது. வாளை அடிமையின்ட உடம்பில குத்தித் தோய்ச்சதெண்டும் ஒண்டு சுத்துது, அதைக் கணக்கெடுக்கவே தேவையில்லை.

பம்பலப்பிட்டி வாசகி: சிநேகிதியின்ட கலியாணத்துக்கு இப்பிடி ஒரு கத்தி குடுக்க ஆசை. கத்தி பரிசாக் குடுத்தா உறவு வெட்டுப்படும் எண்டு அம்மா விடுறா இல்லை.

பதில்: சிநேகிதியிட்ட ஒரு ரூபா குத்தி வாங்கிக்கொண்டு குடுங்கோ, வித்ததாப் போயிடும். அம்மாவும் ஒண்டும் சொல்லமாட்டா.

வத்தளை வாசகி: அண்ணே, வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருந்து இப்படி ஒரு கத்தி கொண்டு வந்தாரு. நான் மீன், தேசிக்காய், பலாக்காய் எல்லாமே அதுலதான் வெட்டுறேன். ஓரம் ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு, கோடும் மங்கிப்போச்சு.

பதில்: பலாக்காய் பரவாயில்லை, அலகில எண்ணெய் பூசிட்டு வெட்டினா பால் ஒட்டாது. உடைஞ்சது மீன் முள்ளாலதான் இருக்கும், இல்லாட்டி தேங்காயில கொத்தியிருப்பீங்கள், சொல்லாட்டியும் தெரியும். இந்தக் கத்தியளின்ட ஓரம் மெல்லிசு, உருக்கும் கடினம், கடினமெண்டா வளையாது, சொட்டை விழும். தலபத் முள்ளுக்கும் தேங்காய்க்கும் உங்கட பழைய மன்னாக் கத்திதான். சொட்டையை சாணைக்கல்லில தேச்சு எடுக்கலாம், தெருவில சைக்கிள்ல வாற சாணைக்காரரிட்ட குடுக்காதேங்கோ, அந்தச் சக்கரத்தின்ட சூட்டில ஓரத்துத் தோய்ச்சல் போயிடும். 1000 நம்பர் தண்ணிக் கல்லு ஒண்டு வாங்கினா வீட்டிலயே செய்யலாம்.

கோடு மங்கினது பச்சைக் கம்பளி போட்டுத் தேச்சதால. மெது ஸ்பொஞ்சும் சோப்பும் போதும். கோலம் உள்ளுக்கயும் இருக்கு, அதால தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்து திரும்ப அசிட்டில விட்டா வந்திடும். உங்கட கத்தி ஸ்டெயின்லெஸ் வகை எண்டா அவ்வளவுதான் கவலை. கார்பன் உருக்கெண்டா தேசிக்காய், கொறக்கா பட்ட கையோட கழுவித் துடைக்கவேணும், வத்தளையில கடல் காத்து வேற. எண்ணெய் பூசுறதெண்டா தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள்பட சிக்கு மணம் வரும், ஃபாமசியில லிக்விட் பரஃபின் விக்கிறது, அதில ரெண்டு துளி. தோல் உறைக்குள்ள போட்டு மாதக்கணக்கா வைக்காதேங்கோ, தோல் ஈரம் பிடிச்சு வச்சு அலகைத் துருப்பிடிக்கப் பண்ணும்.

கொம்பனித்தெரு வாசகர்: எங்கட பக்கத்து வீடு மலே ஆக்கள். அவங்கட அப்பப்பாட கிரிஸ் எண்ட குத்துவாள் ஒண்டு இருக்கு, நெளிஞ்ச அலகு, அதிலயும் இப்பிடிக் கோடு. அதுவும் டமாஸ்கஸோ? துரு பிடிச்சிருக்கு, தேசிக்காய் போட்டுத் தேய்க்கலாமோ எண்டு என்னட்டக் கேட்டவங்கள்.

பதில்: முறை சொந்தம்தான், ஊர் வேற. அந்தக் கோலத்தை பாமோர் எண்டு சொல்லுவினம். இரும்போட நிக்கல் உள்ள இரும்பைச் சேத்து அடுக்கி ஒட்டினது, ஜாவாவில பிரம்பானன் பக்கம் விழுந்த விண்கல்லில இருந்து எடுத்த இரும்பையும் அரண்மனைக் கொல்லர்மார் பாவிச்சிருக்கினம். யுனெஸ்கோ 2005ல இந்தோனேசியக் கிரிஸை மரபுரிமையா அறிவிச்சது. தேசிக்காய்ப் புளியில கழுவி பாஷாணம் பூசித்தான் கோடு எடுக்கிறது அவையின்ட பழைய முறை, பாஷாணம் எண்டா ஆர்சனிக், அதால அந்த அலகை வெறுங்கையால தடவிட்டு அந்தக் கையால சாப்பிடாதேங்கோ. தேசிக்காயும் வேண்டாம், சாண்ட்பேப்பர் வேண்டவே வேண்டாம், மேல் தோல் போனா அதின்ட வயசும் பெறுமதியும் போச்சு. மெல்லிய எண்ணெய் தடவி, துணியால ஒத்தி எடுத்து, உறைக்கு வெளிய காஞ்ச இடத்தில வைக்கச்சொல்லுங்கோ.

தெகிவளை, ஏஎல் எழுதின தம்பி: நானே ஒண்டு செய்யப்போறன். பஞ்சிகாவத்தையில லொறி ஸ்ப்ரிங் தகடும் மோட்டார்சைக்கிள் செயினும் எடுக்கலாம். ஃப்ளாட்டின்ட பல்கனியில காஸ் உலை வச்சா சரியோ?

பதில்: பல்கனியில ஏலாது தம்பி. காஸ் உலையில கார்பன் மொனொக்சைட் வரும், உருகின வெண்காரம் அடிக்கேக்க நாலு பக்கமும் தெறிக்கும், கண்ணாடி போடாமல் கிட்டவே போகேலாது, பக்கத்து ஃப்ளாட் சனம் பொலிசுக்கு அடிக்கிறதுக்கு முதல் உங்கட அம்மா அடிப்பா. ஸ்ப்ரிங் தகடு நல்ல சாமான், ஆனா வெடிப்பு இருக்கோ எண்டு பாத்து எடுக்கவேணும், ஓடி ஓடிக் களைச்ச உருக்கு அது. செயினும் சரி, எண்ணெய் போகக் கழுவினால். நாகம் பூசின எதையும், அதாவது கல்வனைஸ் பண்ணினதை, உலைப் பக்கம் கொண்டு போகாதை, அந்தப் புகை காய்ச்சல் வரப்பண்ணும், கூடினா உயிருக்கே ஆபத்து. பாவிச்ச ஃபெரிக் குளோரைட்டை சிங்க்கில ஊத்தாதை, பைப்பையும் அரிக்கும், பட்ட இடமெல்லாம் மஞ்சள் கறை, பேக்கிங் சோடா போட்டு அடக்கிப்போட்டுத்தான் கொட்டுறது.

ஊர்ப்பக்கம் கம்மாலை ஒண்டு தெரிஞ்சா லீவுக்குப் போய் நில்லு. டமாஸ்கஸ் எண்டு வாயே திறக்காதை. முதல்ல ஒரே ஸ்ப்ரிங் துண்டில ஒரு மொட்டைக் கத்தி அடிச்சு, தோய்ச்சல் போட்டு, வளையாமலும் வெடிக்காமலும் எடுத்துக் காட்டு. அது சரிவந்தா ரெண்டு தகடு ஒட்டுறதைப் பத்தி திரும்ப எழுது, எந்தச் சூட்டில என்ன பிழைச்சதெண்டும் சேத்து எழுது, படமும் அனுப்பு.